நாவலையும் படத்தையும் ஒப்பிட்டு எழுதச் சொன்னால் கதைச் சுருக்கம்தான் வருகிறது. எப்படி மாற்றுவது?

தண்டையார்பேட்டை_வாசகன்

வணக்கம் தோழர்களே. தண்டையார்பேட்டையில் ஞாயிற்றுக்கிழமை படிப்பு வட்டம் ஒன்று நடக்கிறது. 20 பேர் வருகிறார்கள். பாதிப் பேர் காலேஜ் பிள்ளைகள், மீதி வேலைக்குப் போகிறவர்கள். கையில் இருப்பது 2 மணி நேரம், ஒரு 43 இன்ச் டிவி, ஒரு வெள்ளை போர்டு. அடுத்த 4 வாரத்துக்கு பூமணியின் 'வெக்கை', அதிலிருந்து வந்த 'அசுரன்', கூடவே நம்ம பக்கத்துப் படங்களான 'சார்பட்டா பரம்பரை', 'வடசென்னை' ஆகியவற்றை எடுத்திருக்கிறோம்.

எழுதித் தரச் சொன்னால் வருவது கதைச் சுருக்கம். "கரு என்ன" என்று கேட்டால் சாதி, பழிவாங்கல், துரோகம் என்று ஒற்றைச் சொல்லில் பதில். ஒப்பீடு என்றால் "நாவல்தான் நல்லா இருந்துச்சு" என்ற ஒரு வரி. நம்ம ஏரியா படம் என்றாலோ "அது அப்படி இல்ல" என்பதோடு பேச்சு நின்றுவிடுகிறது. இந்த நாலுக்கும் கையில் எடுத்துச் செய்கிற மாதிரி வழி சொல்லுங்கள்.

எடிட்_மேசை

முதல் கேள்விக்கு மட்டும் நான் பதில் சொல்கிறேன் தோழர். முழுப் படத்தையும் எழுதச் சொல்வதால்தான் சுருக்கம் வருகிறது. இரண்டரை மணி நேரத்தை இரண்டு பக்கத்தில் எழுதச் சொன்னால் யாராக இருந்தாலும் கதையைத்தான் சொல்வார்கள். ஒரே ஒரு சீன் கொடுங்கள். 5 நிமிஷத்தைத் தாண்டக் கூடாது. பாட்டு வருகிற சீன் வேண்டாம். அதை 3 தடவை போடுங்கள்.

முதல் தடவை சாதாரணமாகப் பார்க்கட்டும், பேனாவைத் தொடக் கூடாது. இரண்டாவது தடவை சவுண்டை மொத்தமாக அணைத்துவிடுங்கள். ஒவ்வொரு கட்டுக்கும், அதாவது ஷாட் மாறும் ஒவ்வொரு இடத்துக்கும், நோட்டில் ஒரு கோடு போடவேண்டும். அந்தக் கோட்டுக்குப் பக்கத்தில் மூன்றே விஷயம்: ஃப்ரேமில் யார் இருக்கிறார், அவர் யாரைப் பார்க்கிறார், கேமரா கண் மட்டத்தில் இருக்கிறதா, மேலேயா, கீழேயா. மூன்றாவது தடவை டிவி மேல் ஒரு துண்டைப் போட்டு மூடிவிட்டு சவுண்ட் மட்டும். பேச்சு எங்கே அறுந்து மௌனம் வருகிறது, பின்னணி இசை எந்த வார்த்தைக்கு அப்புறம் எழுகிறது, ஃப்ரேமுக்கு வெளியிலிருந்து என்ன சத்தம் கேட்கிறது என்று குறிக்கட்டும்.

'அசுரனில்' எடுக்கவேண்டிய சீன், போலீஸ் பிடியில் இருக்கிற மூத்த மகனை மீட்க சிவசாமி எதிர்த்தரப்பு ஊரில் ஒவ்வொருவர் காலிலும் விழுகிற இடம். பேச்சு குறைவு, உடம்புதான் பேசுகிறது. விழுகிறவன் பக்கம் கேமரா நிற்கிறதா, விழப்படுகிறவன் பக்கம் நிற்கிறதா என்று எண்ணச் சொல்லுங்கள். எண்ணிக்கை நோட்டில் இருந்தால் "பாவமா இருந்துச்சு" என்று எழுதுகிற கை தானாக நின்றுவிடும்.

இதில் சொதப்புகிற இடங்கள் இவை. சப்டைட்டில் ஓடினால் கண் கீழேயே போகும், ஃப்ரேமைப் பார்க்காது, அணைத்துவிடுங்கள். புது டிவிகளில் அசைவை வழவழப்பாக்குகிற ஒரு செட்டிங் இருக்கும், அது ஓடினால் படம் சீரியல் மாதிரி தெரியும், அதையும் அணைக்கவேண்டும். சீன் தொடங்கும், முடியும் நேரத்தை முதல் நாளே நிமிஷம், நொடியோடு எழுதிவையுங்கள். அங்கே உட்கார்ந்து முன்னாலும் பின்னாலும் ஓட்டித் தேடினால் 15 நிமிஷம் அதிலேயே போய்விடும்.

கரிசல்_பக்கம்

'வெக்கை' 1982இல் வந்தது. 'அசுரன்' 2019. இரண்டையும் பக்கத்தில் வைத்து "எது நல்லா இருக்கு" என்று கேட்டால் வேறு பதில் வராது, ஏனென்றால் கேள்வியே ஒரு வரிக் கேள்வி. போர்டில் ஐந்து கட்டம் போடுங்கள்: இருந்தது, விட்டது, சேர்த்தது, இடம் மாற்றியது, ஒன்றாக இணைத்தது. நல்லது, கெட்டது என்ற சொல் எந்தக் கட்டத்திலும் வரக்கூடாது. ஒவ்வொரு மாற்றத்துக்கும் பக்கத்தில் "இது எந்தச் சிக்கலைத் தீர்க்கச் செய்யப்பட்டது?" என்ற கேள்விக்கு ஒரு வரி.

செய்து காட்டுகிறேன். நாவல் கொலையில் திறக்கிறது. எதிரியின் கையை வெட்டத்தான் சிதம்பரம் நினைத்திருந்தான், உயிரே போய்விடுகிறது. அவனுக்கு வயது 15. அதற்கப்புறம் தகப்பனும் மகனும் காட்டிலும் மேட்டிலும் மறைந்து திரிகிற நாட்கள். எங்கே படுத்தார்கள், எதைப் பறித்தார்கள், எதைச் சமைத்தார்கள் என்பதுதான் நாவலின் சதை. கோர்ட்டில் சரணடையப் போகும் இடத்தில் முடிகிறது. நாம் பையன் கூடவே நடக்கிறோம்.

படமும் ஓட்டத்தில்தான் தொடங்குகிறது. ஆனால் எடை தகப்பன் மேல் ஏறிவிடுகிறது. இடைவேளைக்குப் பின் வரும் சிவசாமியின் இளமைக் காலம், பஞ்சமி நிலம் (தலித் மக்களுக்கு ஒதுக்கிய நிலம்), செருப்பு போட்டதற்காக அவர் காதலித்த பெண் படும் அவமானம், குடிசை எரிப்பு எல்லாம் படத்துக்காக எழுதிச் சேர்த்தவை. இதை "சேர்த்தது" கட்டத்தில் போட்டுவிட்டு நிறுத்தினால் பாதி வேலைதான். ஏன் சேர்த்தார்கள்? நாவலில் பையனின் மனசுக்குள் இருக்கிற பயமும் நினைவும் வரிவரியாக ஓடுகின்றன. திரையில் மனசைக் காட்ட முடியாது, செயலைத்தான் காட்டமுடியும். தகப்பன் ஏன் திருப்பி அடிக்காமல் காலில் விழுகிறான் என்ற கேள்வியைப் படம் முதல் பாதியில் வைக்கிறது. இரண்டாம் பாதி அதற்கு விடை. ஆக, சேர்த்த பகுதி நாவலின் உள்மனப் பேச்சுக்குப் பதிலாக வந்து உட்கார்ந்திருக்கிறது. ஆனால் விலையும் உண்டு. பையனுக்குக் கொலைக்கப்புறம் என்ன ஆகிறது என்ற நாவலின் கேள்வி சுருங்கிவிடுகிறது. கிடைத்ததையும் போனதையும் ஒரே வாக்கியத்தில் எழுதச் சொல்லுங்கள், ஒப்பீடு அங்கேதான் பிறக்கும்.

கரு பற்றி: ஒற்றைச் சொல்லை ஏற்காதீர்கள். வினைச்சொல்லோடு முழு வாக்கியமாக வரவேண்டும். "சாதி" என்பது தலைப்பு. "திருப்பி அடித்தால் என்ன விலை என்று தெரிந்தவன் அடிக்காமல் இருக்கிறான், அவன் பொறுமையும் பிள்ளையைக் காப்பாற்றவில்லை" என்பது கரு. எழுதியதும் சோதனை. அந்த வாக்கியத்தைத் தாங்குகிற 3 காட்சி, அதை எதிர்க்கிற 1 காட்சி தேடவேண்டும். எதிர்க்கும் காட்சியே கிடைக்கவில்லை என்றால் வாக்கியம் எந்தப் படத்துக்கும் பொருந்துகிற அளவுக்குத் தளர்வாக இருக்கிறது என்று பொருள்.

இங்கே எல்லாரும் விழுகிற குழி ஒன்று உண்டு. 'அசுரன்' முடிவில் சிவசாமி மகனிடம், நிலத்தையும் பணத்தையும் பிடுங்கலாம், படிப்பைப் பிடுங்க முடியாது என்று சொல்வார். முக்கால்வாசிப் பேர் அதையே கரு என்று எழுதித் தருவார்கள். பாத்திரம் சொல்வதும் படம் செய்வதும் ஒன்றுதானா என்று கேளுங்கள். சிதம்பரத்தின் உயிர் எதனால் தப்புகிறது? படிப்பாலா, தகப்பன் கடைசியில் எடுத்த ஆயுதத்தாலா? வசனம் ஒரு பக்கம், சம்பவம் ஒரு பக்கம் இழுக்கிறது. அந்த இழுப்பைப் பற்றி எழுதினால் நல்ல கட்டுரை கிடைக்கும். வசனத்தை மட்டும் எடுத்தெழுதினால் போஸ்டர் கிடைக்கும்.

ராயபுரம்_வாசகி

கரிசல் ஐயா சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். 'கரு' என்ற சொல்லே பிள்ளைகளைக் குழப்புகிறது. நம்மிடம் இதற்குப் பழைய கருவி இருக்கிறது: முதல், கரு, உரி. நிலமும் பொழுதும் முதற்பொருள். அந்த நிலத்தின் தொழில், உணவு, பறை, பறவை கருப்பொருள். அங்கே மனிதர்களுக்குள் நடக்கிற உணர்வு உரிப்பொருள். 'தீம்' என்று கேட்கும்போது நாம் கேட்பது உரிப்பொருளை. பிள்ளைகள் காட்டுவது கருப்பொருளை. கேரம் போர்டு, பாக்ஸிங் கிளவுஸ், மீன்பிடி வலை எல்லாம் கருப்பொருள். அதையே குறியீடு என்று எழுதிவிட்டு எழுந்துபோகிறார்கள்.

மூன்று வட்டம் வரைந்து 'சார்பட்டா'வைப் போட்டுப் பாருங்கள். பொழுதிலிருந்து தொடங்குங்கள். நெருக்கடி நிலை 1975 ஜூன் 25இல் வந்தது. 1976 ஜனவரி 31இல் திமுக ஆட்சி கலைக்கப்பட்டது. படத்தில் சார்பட்டா என்ற குத்துச்சண்டைப் பரம்பரையின் கபிலன், எதிர்ப் பரம்பரையின் வேம்புலியை வீழ்த்தப்போகிற நேரத்தில் அந்தக் கலைப்பு மோதுகிறது. விசாரணை இல்லாமல் உள்ளே வைக்கிற மிசா சட்டத்தில், கபிலனின் குரு ரங்கன் வாத்தியார் கைதாகிறார். இப்போது ஒரு சோதனை: கதையை 1985க்கு மாற்றுங்கள், எந்தெந்தக் காட்சி விழுகிறது? வாத்தியார் கைது விழும். பாதியில் நின்ற ஆட்டம் விழும். வாத்தியார் இல்லாத இடைவெளியில் கபிலன் சாராயத்தில் இறங்குவதற்கான காரணமும் ஆட்டம் காணும். அப்படியானால் காலம் இங்கே பின்னணித் துணி இல்லை, கதையின் மூட்டு. ஆண்டை மாற்றினாலும் எதுவும் விழாத படங்களும் இருக்கின்றன. அவற்றில் பழைய சைக்கிளும் ரேடியோவும் அலங்காரம்தான்.

பாத்திரத்துக்கு ஒரே ஒரு வழி சொல்கிறேன், குணங்களைப் பட்டியல் போடாதீர்கள். "ரங்கன் நேர்மையானவர், கண்டிப்பானவர்" என்ற வரியால் எந்தப் பயனும் இல்லை. பாத்திரம் எடுத்த முடிவுகளை வரிசையாக எழுதுங்கள். ரங்கனுக்குப் பரம்பரை மானம் ஒரு கண், கட்சி ஒரு கண், பெற்ற மகன் வெற்றிச்செல்வன் வேறு. எந்த முடிவில் எதை விட்டுக்கொடுத்தார்? வெற்றிச்செல்வனும் கபிலனும் ஏங்குவது ஒரே பொருளுக்கு, வாத்தியார் வாயிலிருந்து வரும் ஒரு சொல்லுக்கு. ஒருவனுக்கு ரத்த உரிமை இருக்கிறது, இன்னொருவனுக்குக் கை இருக்கிறது. இருவரையும் ஒரே தாளில் இரண்டு பத்தியாகப் போட்டால் ரங்கன் யார் என்பது நடுவில் தெரியும்.

கபிலனின் அம்மா பாக்கியத்தை மறந்துவிடாதீர்கள். கணவனை குத்துச்சண்டை கடைசியில் எங்கே கொண்டுபோய் விட்டது என்று பார்த்தவள், அதனால் மகனை ஆட்டம் பார்க்கக்கூட விடாமல் அடிக்கிறாள். அவள் "தடை" என்று எழுதுகிறவர்களிடம் படம் முடியும்போது அவள் எங்கே நிற்கிறாள் என்று கேளுங்கள். எந்தக் காட்சியில் மாறினாள் என்று நிமிஷம் குறித்துக் காட்டச் சொல்லுங்கள்.

பேசின்பிரிட்ஜ்_ரயில்

நாலாவது கேள்விக்கு வர்றேன் தோழர். "அது அப்படி இல்ல" என்று சொல்றவனை அடக்காதீங்க. அவன் கையில ஆதாரம் இருக்கு, அதை எழுத்தாக்கத் தெரியல, அவ்வளவுதான். மூணு கணக்கு எடுக்கச் சொல்லுங்க.

ஒண்ணு, வேலைக் கணக்கு. பேர் உள்ள பாத்திரங்கள்ல எத்தனை பேர் பகல்ல வேலை செய்றதைப் படம் காட்டுது? என்ன வேலை? நம்ம பக்கம் துறைமுகம் மட்டும் இல்ல. பெரம்பூர் ரயில்வே பட்டறைகள் இருக்கு, எண்ணூர் பக்கம் ஆலைகள் இருக்கு, பின்னி மில் இருந்துச்சு. 1918ல மெட்ராஸ் லேபர் யூனியன் தொடங்கினது அந்த மில் தொழிலாளிகளை வச்சுத்தான். வேலைக்குப் போற ஆளே இல்லாத படத்துல ஊர் மொத்தமும் கத்தியோட சும்மா இருக்கிற மாதிரி ஆயிடும். ஆனா எல்லையும் சொல்லிக் குடுங்க. படம் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு கிடையாது. விட்டுப்போனது கதைக்கே ஓட்டை போடுதுன்னா எழுதலாம், சும்மா "இதைக் காட்டல, அதைக் காட்டல"ன்னு பட்டியல் போடக் கூடாது.

ரெண்டு, பேச்சுக் கணக்கு. "இன்னா", "நைனா" வந்துட்டா வடசென்னைத் தமிழ்னு எழுதிடறாங்க. அதே ஆள் அம்மாகிட்ட எப்படிப் பேசறான், போலீஸ்கிட்ட எப்படி, வக்கீல்கிட்ட எப்படின்னு மூணு வரி எடுத்துப் பக்கத்துல வைக்கணும். நிஜத்துல எல்லாரும் ஆளுக்கேத்த மாதிரி மாத்திப் பேசுவாங்க. எல்லார்கிட்டயும் ஒரே மாதிரி பேசற பாத்திரம்னா அதுக்கு மேல வட்டாரச் சொல்லைத் தூவியிருக்காங்கன்னு தெரிஞ்சுடும்.

மூணு, தகவல் கணக்கு. இது 'வடசென்னை'க்குன்னே செஞ்ச மாதிரி. படம் 1987ல தொடங்குது: நாலு பேர் ஒரு கொலையை முடிச்சுட்டு வந்து உக்கார்றாங்க. செத்தது யாருன்னு நமக்குப் புரிய ரொம்ப நேரம் ஆகும். நடுவுல ஜெயிலு, அப்புறம் 1991ல ராஜீவ் காந்தி கொலை அன்னிக்கு ராத்திரி, மறுபடி பின்னாடி ராஜன் கதை. கெட்டி அட்டையை நாலா வெட்டி 30 அட்டை பண்ணுங்க, ஒரு அட்டைக்கு ஒரு சீன். முதல்ல படத்துல வர்ற வரிசையில தரையில பரப்புங்க. அப்புறம் ஆண்டு வரிசைப்படி மாத்தி அடுக்குங்க. இப்ப சந்திரா அட்டையைப் பாருங்க. அவ செத்துப்போன ராஜனோட பொண்டாட்டி. ஆண்டு வரிசையில ராஜன் செத்ததுலேர்ந்தே அவ பழிவாங்க வந்தவ. கொன்ன நாலு பேர்ல ஒருத்தனான செந்திலைக் கட்டிக்கிட்டது ஏன்னு நமக்கு அப்பவே தெரியும். படத்தோட வரிசையில அவ ரொம்ப நேரம் செந்திலோட பொண்டாட்டி மட்டும்தான். ராஜன் யாருன்னு தெரிஞ்சப்புறம் முன்னாடி பார்த்த ஒவ்வொரு பார்வையையும் திரும்ப எண்ணிப் பார்க்கிறோம். துரோகம்னு ஒரு வார்த்தையில எழுதறாங்களே, அது நடக்கிறது இந்த அடுக்குலதான். யாருக்கு எப்போ என்ன தெரிஞ்சுதுன்னு எழுதினா, கதை சொல்ற பழக்கம் போயிடும்.

தண்டையார்பேட்டை_வாசகன்

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. அட்டை வேலையை முதல் வாரமே வைக்கப்போகிறேன். இன்னும் இரண்டு சந்தேகம். இயக்குநர் பேட்டியில் சொன்னதை ஆதாரமாகக் காட்டுகிறார்கள், அதை ஏற்கலாமா? இன்னொன்று, நாவலில் 'நான்' என்று பேசுகிறவர் இருந்தால் படத்தோடு எப்படி ஒப்பிடுவது?

கரிசல்_பக்கம்

பேட்டி எப்படி எடுத்தார்கள் என்பதற்கு ஆதாரம். படம் என்ன சொல்கிறது என்பதற்கு ஆதாரம் இல்லை. நினைத்தது ஒன்று, திரையில் விழுந்தது ஒன்று என்பது எல்லாக் கலையிலும் நடப்பது. முதல் வரைவு முடிகிறவரை பேட்டியைத் தொடக் கூடாது என்று விதி வையுங்கள். அப்புறம் பார்த்து, தான் கண்டதோடு எங்கே ஒத்துப்போகிறது, எங்கே விலகுகிறது என்று ஒரு பத்தி சேர்க்கட்டும்.

'நான்' கேள்விக்கு மு. சந்திரகுமாரின் 'லாக்கப்' புத்தகமும் அதிலிருந்து வந்த 'விசாரணை' படமும் கச்சிதமான இணை. ஆட்டோ ஓட்டியவர், ஆந்திரப் போலீஸிடம் தான் பட்டதை எழுதிய புத்தகம் அது. 'நான்' என்று சொல்பவர் உயிரோடு இருக்கிறார், இருப்பதால்தான் புத்தகமே கையில் இருக்கிறது. எத்தனை அடி விழுந்தாலும் அவர் வெளியே வந்துவிட்டார் என்று வாசகருக்கு அடியில் ஒரு நிம்மதி. படத்தின் முதல் பாதி அந்தப் புத்தகத்தோடு நடக்கிறது. இரண்டாம் பாதி சென்னைக்கு வந்து வேறு சம்பவத்துக்குள் போகிறது. கதாநாயகன் பாண்டி சாகிறான், மனசாட்சி உறுத்திய இன்ஸ்பெக்டர் முத்துவேலும் சாகிறார். அங்கே நடந்ததைச் சொல்ல ஆள் மிஞ்சவில்லை. 'நான்' போனதும் அந்த நிம்மதியும் போய்விட்டது. உங்கள் வட்டத்தில் கேட்கவேண்டிய கேள்வி: இந்தக் கதையை இப்போது யார் சொல்கிறார், அவர் எப்படித் தப்பித்தார்? 'நான்' வருகிற எந்தப் புத்தகத்துக்கும் இதையே கேட்கலாம்.

ராயபுரம்_வாசகி

திருத்திக் காட்டினால் பிள்ளைகளுக்குச் சட்டென்று பிடிபடும். போர்டில் இரண்டு பத்தி எழுதிப் போடுங்கள். முதலாவது அவர்கள் எழுதுகிற மாதிரி:

"கபிலனுக்கு பாக்ஸிங் ஆசை. அம்மா தடுக்கிறார். ஆனாலும் வாத்தியாருக்காக இறங்குகிறான். பிறகு அவமானப்படுகிறான். பிறகு குடிக்கிறான். கடைசியில் ஜெயிக்கிறான். விடாமுயற்சிதான் இப்படத்தின் கரு."

இரண்டாவது, அதே பொருளைத் திருத்தி எழுதியது:

"கபிலன் வேம்புலி என்ற ஒரே எதிரியோடு இரண்டு முறை மோதுகிறான். முதல் முறை வாத்தியார் மூலையில் நிற்கிறார், ஆட்டம் அவருடைய சவால். அந்த ஆட்டத்தில் அவன் உடை கிழிக்கப்பட்டு ஊர் முன்னால் நிற்கிறான். வாத்தியாரின் மானத்தைக் காக்கப் போனவனுக்குத் தன் மானம் போகிறது. இரண்டாம் முறை போவதற்குள் பயிற்சி தந்தவர், ஊக்கம் தந்தவர்கள் எல்லாம் மாறிவிட்டார்கள், அம்மாவும் மனைவியும் உட்பட. முதல் ஆட்டம் பரம்பரைக்காக, இரண்டாவது தனக்காக. ஆனால் தனக்காக ஆடும்போதும் ஊர் பார்க்கிறதா என்பது அவனுக்கு முக்கியமாக இருக்கிறது. அதனால் 'சுயமரியாதை தனியாளுக்குள் பிறக்கிறது' என்ற வாசிப்பை இந்த முடிவு முழுசாக ஏற்கவில்லை."

இரண்டிலும் 'பிறகு' என்ற சொல்லை எண்ணச் சொல்லுங்கள். கடைசி வாக்கியத்தில் எதிர்க்காட்சி எப்படி உள்ளே வந்தது என்று கோடு போட்டுக் காட்டுங்கள். நீளம் 150 சொல் போதும், அதற்கு மேல் கேட்டால் சுருக்கம் திரும்பி வந்துவிடும்.

எடிட்_மேசை

வாசகன் தோழர், இன்னொரு விஷயம். வீட்டில் போனில் 1.5 வேகத்தில் பார்த்துவிட்டு வருகிறவர்களை முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். மௌனத்தையும் ஷாட்டின் நீளத்தையும் பற்றி அவர்கள் எழுதுவது எல்லாம் தப்பாகத்தான் இருக்கும். நாவலுக்கு அவ்வளவு நேரம் இல்லாதவர்களுக்கு முதல் அத்தியாயமும் கடைசி அத்தியாயமும் கட்டாயம். படத்தின் முதல் 10 நிமிஷம், கடைசி 10 நிமிஷத்தோடு அதை நேருக்கு நேர் வைத்துப் பேசலாம். 20 பேருக்கு 4 பேர் வீதம் 5 குழு. குழுவுக்கு ஒரு சீன், ஒரு நோட்டு.